உலகம் சூடாகிறது என்றால் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?

(பொங்கல் விழா மாலையில் நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோலப்போட்டி முடிந்து, உறியடியும் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் பேசும்படி செயலாளர் சொன்னார். பசி வேளையில் பேசுபவனை யாருக்கும் பிடிக்காது. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். மார்கழி மாதத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்திதான் காரணம்.

செய்தி இதுதான்: "உலகம் சூடாகிறது, சூடாகிறது என்கிறார்கள். விடியற்காலையில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டினால் கை விறைக்கிறது. டெல்லியில் நடுங்குகிறார்கள். அமெரிக்காவில் பனியில் புதைந்து கிடக்கிறார்கள். எந்தச் சூடு, எங்கே இருக்கிறது?" நிறைய பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். இரவு படுத்த பிறகு யோசித்தேன். சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதற்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் நம் கட்டடத்தில் சில வேலைகளைச் செய்யப்போகிறோம், அல்லது செய்யாமல் விடப்போகிறோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் எழுத்தர் வேலை. கணக்குப் பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இதையும் படித்தேன். தெரிந்துகொண்டதை அப்படியே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் விஷயம். தமிழில் நமக்குப் 'பனி' என்றால் எல்லாமே பனிதான். மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் விழுவதும் பனி. நம் முன்னோர் முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று ஆண்டில் நான்கு மாதத்தைப் பனிக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். நான் இங்கே பேசப்போவது வட துருவத்தில் கடல்நீரே உறைந்து பாளமாக மிதக்கும் பனி. அதைக் கடற்பனி என்று சொல்லிக்கொள்வோம்.

அடுத்தது, ஒரு நாள் குளிருக்கும் உலகச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் சேமிப்புக் கணக்கில் ஒரு நாள் பெரிய தொகை எடுத்துவிட்டீர்கள். அன்றைய இருப்பைப் பார்த்தால் ஏழை என்று தோன்றும். பத்து வருடப் பாஸ்புத்தகத்தைப் புரட்டினால்தான் வரவு கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும். வானிலை என்பது அன்றைய இருப்பு. தட்பவெப்பம் என்பது பாஸ்புத்தகம்.

டெல்லியையே எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 30 அன்று அங்கே பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901 முதல் உள்ள பதிவுகளில் டிசம்பர் மாதத்தில் அவ்வளவு குளிர்ந்த பகல் இருந்ததில்லை. தாழ்வான மேகமும் மூடுபனியும் நாள் கணக்கில் வெயிலை மறைத்துக்கொண்டது முக்கியக் காரணம். அதே குளிர்காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது தெரியுமா? அதுவரை பதிவானவற்றில் மிகவும் சூடான குளிர்காலம். டெல்லியில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டவர், அங்கே கோட்டைக் கழற்றியவரைப் பார்க்க முடியாது. உலகச் சராசரி என்பது இருவரையும் ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டுவது.

சரி, கடற்பனியின் கணக்குக்கு வருவோம். ஆர்க்டிக் கடலில் பனி குளிர்காலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கி, செப்டம்பரில் மிகக் குறைவாக இருக்கும். 1979 முதல் செயற்கைக்கோள்கள் இதை அளந்து வருகின்றன. அந்த முதல் செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2012 செப்டம்பரில் ஏறக்குறைய 34 லட்சமாகச் சுருங்கியது. இந்தியாவின் பரப்பளவு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இரண்டு இந்தியா அளவுக்கு இருந்த பனியில் ஒரு இந்தியா காணாமல் போனது. நடுவில் ஓரிரு ஆண்டுகள் கூடும், குறையும். ஆனால் 2007 முதல் 2024 வரை வந்த 18 ஆண்டுகள்தான் அதுவரையிலான பதிவேட்டிலேயே மிகக் குறைந்த 18 ஆண்டுகள். குளிர்கால உச்சமும் இறங்குகிறது. 2025 மார்ச்சில் அது 1 கோடியே 43 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்கு முன் எந்த ஆண்டிலும் உச்சம் இவ்வளவு குறைவாக இருந்ததில்லை.

பனி போனால் என்ன? நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மொட்டைமாடியே பதில் சொல்லும். வெள்ளை ஓடு பதித்த பக்கம் சித்திரை வெயிலிலும் வெறுங்காலோடு நடக்கலாம். தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கறுத்துப்போன சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியாது. கடற்பனி வெள்ளை ஓடு மாதிரி. மேலே விழும் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி இல்லாத கடல் கறுப்புத் தரை மாதிரி. நூற்றில் ஆறு பங்குதான் திருப்பும், மீதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாங்கிய சூட்டில் இன்னும் பனி உருகும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல. இதனாலும் வேறு சில காரணங்களாலும் 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவிட்டது என்று 2022இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இப்போது கேள்வி: வடக்கே சூடானால், அதற்குத் தெற்கே இருக்கும் நாடுகளில் எப்படிக் குளிர் கூடும்?

குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, மிக உயரத்தில், கடுங்குளிர்க் காற்று ஒரு பெரிய வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கும். துருவச் சுழல் என்று சொல்லலாம். சிறு வயதில் பம்பரம் விட்டிருப்பீர்கள். வேகமாகச் சுற்றும் பம்பரம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். வேகம் குறைந்தால் தள்ளாடி ஒரு பக்கம் சாயும். துருவச் சுழல் வலுவாக இருக்கும்போது குளிர்க்காற்று வடக்கிலேயே அடைபட்டுக் கிடக்கும். அது தள்ளாடினால் குளிரின் ஒரு கை அமெரிக்கா பக்கமோ ஐரோப்பா பக்கமோ சைபீரியா பக்கமோ நீளும்.

2018 பிப்ரவரி கடைசியில் அப்படி நடந்தது. கிழக்கிலிருந்து வந்த குளிரைப் பிரான்சில் 'மாஸ்கோ–பாரிஸ்' என்றே அழைத்தார்கள். நம் ஊரில்தான் சொல்தா குடும்பங்கள் நிறைய ஆயிற்றே. பாரிஸில் பிள்ளைகள் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வாரத்தை மறந்திருக்கமாட்டார்கள். 2021 ஜனவரி தொடக்கத்தில் மறுபடியும் சுழல் கலைந்தது. பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் உறைந்துபோனது. அதற்கும் பிறகு வருகிறேன்.

இந்தப் பம்பரத்தைத் தள்ளிவிட்டது யார்? அங்கேதான் கடற்பனி வருகிறது. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே பேரன்ட்ஸ் கடல், காரா கடல் என்று இரண்டு கடல்கள். அங்கே பனி குறைந்தால், கோடையில் வாங்கிய சூட்டைக் கடல் இலையுதிர் காலத்தில் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூடு காற்றில் பெரிய அலைகளை எழுப்பும், அவை மேலே ஏறித் துருவச் சுழலை மோதிப் பலவீனமாக்கும் என்பது ஒரு விளக்கம். இன்னொன்று, வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றை ஓட்டுகிறது. வடக்கு சூடாகி வித்தியாசம் குறைந்தால், அந்தக் காற்று நேராக ஓடாமல் வளைந்து நெளியும் என்பது. ஜெனிபர் பிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் இந்த இரண்டாவது கருத்தை எழுதியபோது உலகமெங்கும் பேசப்பட்டது.

கேட்க அழகாக இருக்கிறது. "பனி குறைந்தது, குளிர் வந்தது, கணக்கு நேராகிவிட்டது" என்று எழுந்து போய்விடலாம். ஆனால் வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். இருப்பாய்வு, அதாவது ட்ரயல் பேலன்ஸ், இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது என்பதால் கணக்கு சரி என்று ஆகாது. ஒரு தவறை இன்னொரு தவறு ஈடுகட்டியிருக்கலாம். பேலன்ஸ் ஆன பிறகும் வவுச்சரைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தை வானிலைத் துறையில் நம் நாட்டிலும் கற்றார்கள். 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. இமயமலையில் பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில் பருவமழை குறைகிறது என்று 1884இல் எழுதினார். தூரத்துப் பனிக்கும் நம் மழைக்கும் முடிச்சுப் போட்டது அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு 1904இல் கில்பர்ட் வாக்கர் வந்தார். கேம்பிரிட்ஜ் கணித மேதை. கம்ப்யூட்டர் இல்லாத காலம். வரிசை வரிசையாக இந்திய எழுத்தர்களை உட்கார வைத்து, உலகின் பல ஊர்களின் காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். பெயர் தெரியாத அந்த எழுத்தர்களை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். பசிபிக் கடலில் ஒரு ஊசல், வட அட்லாண்டிக் கடலில் ஒரு ஊசல் என்று வாக்கர் பெயர் வைத்த இரண்டையும் இன்று உலகமே பயன்படுத்துகிறது. ஐரோப்பாவின் குளிர்காலம் கடுமையா, இதமா என்பதைச் சொல்ல இன்றும் அந்த அட்லாண்டிக் ஊசலைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் அவர் மழையை முன்கூட்டிச் சொல்லப் பயன்படுத்திய பல தொடர்புகள் சில பத்தாண்டுகளில் பலம் இழந்தன. இருபது வருடம் சேர்ந்து நடந்த இரண்டு விஷயங்கள் அடுத்த இருபது வருடம் தனித்தனியாக நடந்தன.

கடற்பனி விஷயத்திலும் அதுதான் நடந்தது. 1990களிலிருந்து 2012 வாக்கில் வரை, பனி குறையக் குறைய ஆசியாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலங்கள் கடுமையாவது போலத் தெரிந்தது. அதன் பிறகும் பனி குறைவாகவே இருந்தது, ஆனால் குளிர்காலங்கள் அந்த வரிசையில் தொடரவில்லை. பனி குறைந்ததால் குளிர் வந்ததா, அல்லது ஒரே காற்று வடக்கே சூட்டைத் தள்ளி அங்கே பனியைக் குறைத்துவிட்டு, இங்கே குளிரையும் இறக்கியதா என்று சில ஆய்வாளர்கள் கேட்டார்கள். வவுச்சரைப் பார்க்கும் கேள்வி இது. கம்ப்யூட்டர் மாதிரிகளில் பனியை மட்டும் குறைத்துப் பார்த்தால் வரும் விளைவு சிறியதாகவே இருக்கிறது. ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழுவும் 2021 அறிக்கையில் இந்தத் தொடர்பின் மேல் குறைந்த அளவு நம்பிக்கையே வைக்க முடிகிறது என்று சொல்லிவிட்டது. ஜூடா கோஹன் போன்ற சிலர் தொடர்பு உண்டு என்றே இன்றும் வாதிடுகிறார்கள். விவாதம் முடியவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோவாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் 2008 முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய நிலையம் இயங்குகிறது. 2014இல் அங்குள்ள கடல் நுழைவாயில் ஒன்றில் 'இண்ட்ஆர்க்' என்ற அளவுக் கருவியை இறக்கினார்கள். காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும் இந்தியாவில் செப்டம்பரில் கொட்டும் அதிகனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2021இல் கோவா மையத்தினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்தக் 'கலாம்' எனக்குப் பிடித்தது. பேரேட்டில் பென்சிலால் எழுதிவைத்து, வவுச்சர் வந்த பிறகு பேனாவால் எழுதுவது மாதிரி.

ஆக, வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில் மூன்று வரி. ஒன்று, பனி சுருங்குவது உறுதி. இரண்டு, உலகம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் கடுங்குளிர் நாட்கள் குறைந்துதான் வருகின்றன. ஆனால் குளிர் வருவது நின்றுவிடவில்லை, சில சமயம் மிகக் கடுமையாகவும் வருகிறது. மூன்று, அந்தக் கடுமைக்குச் சுருங்கும் பனி எவ்வளவு காரணம் என்பது இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. விடியற்காலையில் கை விறைப்பதை வைத்து உலகம் சூடாகவில்லை என்று சொல்வதும் தவறு. எங்கே குளிர்ந்தாலும் துருவப் பனிதான் காரணம் என்று அடித்துச் சொல்வதும் தவறு.

"எங்கேயோ நடப்பது இங்கே எப்படி வரும்?" என்று சந்தேகம் இருப்பவர்களுக்கு, வவுச்சரோடு ஒரு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே காந்தி சிலைக்கு எதிரே நாம் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் கரைந்துபோய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. பிறகு 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் ஒரு தடுப்புத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. கை வைத்தது ஒரு இடம், போனது இன்னொரு இடம்.

கடல் மட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மிதக்கும் கடற்பனி உருகுவதால் கடல் மட்டம் ஏறாது என்றே சொல்லலாம். ரோஸ்மில்க்கில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் டம்ளர் வழிவதில்லை அல்லவா? நிலத்தின் மேல் இருக்கும் பனி, உதாரணமாக கிரீன்லாந்துப் பனி, உருகிக் கடலில் சேர்ந்தால்தான் ஏறும். கடல்நீர் சூட்டில் விரிந்தாலும் ஏறும். 1993 முதல் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஒரு சாண் கூட இல்லையே என்று தோன்றலாம். கழிமுகத்தை ஒட்டிக் குடியிருக்கும் நமக்கு, மழை வெள்ளம் கடலில் வடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸ் சூடான ஊர். 2021 பிப்ரவரியில் குளிர் இறங்கியபோது எரிவாயுக் குழாய்களும் மின் நிலையங்களும் உறைந்து நின்றன. 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் இல்லை. 246 பேர் இறந்ததாக மாநில அரசே கணக்குக் கொடுத்தது. இதில் வேதனை என்னவென்றால், பத்து வருடம் முன்னால், 2011 பிப்ரவரியிலும் அங்கே குளிரால் மின்சாரம் நின்றிருந்தது. கருவிகளைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று அப்போதே அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். "எப்போதோ ஒரு முறை வருவது" என்று பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன்.

நம் கட்டடத்தின் மின் பேனல் அறையைத் தரைத்தளத்திலிருந்து உயர்த்த வேண்டும் என்று பழைய கமிட்டியில் ஒரு கோரிக்கை வந்தது. நான்தான் பொருளாளர். "புதுச்சேரியில் ஒரே நாளில் அதிகம் பெய்தது 2004 அக்டோபர் 31இல், 21 சென்டிமீட்டர். அதிலேயே தப்பித்த இடம் இது. எப்போதோ ஒரு முறை வருவதற்கு இவ்வளவு செலவா?" என்று சொல்லிக் கோப்பை ஒத்திவைத்தவன் நான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பழைய உச்சத்தைப் போல இரண்டு மடங்கு. பேனல் அறையில் முழங்கால் தண்ணீர். மோட்டார் போய், லிஃப்ட் போய், நான்காவது மாடியில் ஆக்சிஜன் கருவியோடு இருந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பிள்ளைகள் இருட்டில் படி இறக்கினார்கள். டார்ச் பிடித்தது நான். அந்த அம்மா இன்று நம்மோடு இங்கே உட்கார்ந்திருக்கிறார். அதற்கு அந்தப் பிள்ளைகள்தான் காரணம், என் கணக்கு இல்லை.

ஃபெஞ்சலுக்கும் துருவப் பனிக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அப்படிச் சொன்னால் இவ்வளவு நேரம் பேசியதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு டிகிரி சூடான காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது பேனாவால் எழுதிய கணக்கு. கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். என் தவறு என்ன? கடந்தகாலப் பேரேட்டின் உச்சமே எதிர்காலத்தின் உச்சம் என்று நினைத்தேன். காரணம் முழுவதும் தெரிந்த பிறகு செலவு செய்யலாம் என்று காத்திருந்தேன். காரணம் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் நிறைய காலம் விவாதிக்கட்டும், அது அவர்கள் வேலை. பேனலை உயர்த்துவது நம் வேலை.

அதனால் மூன்று வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் பேனல் அறையை உயர்த்தும் தீர்மானம் வருகிறது, தயவுசெய்து வந்து கையெழுத்துப் போடுங்கள். ஆவணி முடிவதற்குள் மழைநீர் வடிகாலைத் தூர்வாரி முடிப்போம், ஐப்பசி வரை தள்ளிப்போட வேண்டாம். மூன்றாவது பிள்ளைகளுக்கு: இந்த மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைக்கிறேன், ஒரு நீண்ட நோட்டும் வாங்கித் தருகிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். இருபது வருடம் கழித்து இங்கே குடியிருப்பவர்கள் "எப்போதோ ஒரு முறை" என்று சொல்ல வாயைத் திறக்கும் முன் அந்த நோட்டைப் புரட்டட்டும்.

சர்க்கரைப் பொங்கல் ஆறுகிறது.